வேப்பமரம் தொடக்கம் மதகு மட்டும்

என் தம்பி வீட்டை விட்டுப் போன செய்தியை முதலில் என்னிடம்தான் சொன்னான். பெண்சாதியிடம் சொல்லவில்லை, பிள்ளையிடம் சொல்லவில்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாத என்னைப் பிடித்தான்.

மாசி மாதம். எங்கள் பக்கத்துக் காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு ஒரு வெட்டு மெசினுக்கு உதவியாளாக வவுனியாப் பக்கம் போனவன். இரண்டு கிழமையில் வருவேன் என்றான். மூன்றாவது கிழமை போன் எடுத்தான். நான் குசினியில் நின்றேன்.

"அக்கா, நான் இனி அங்கை வரமாட்டன். பூவரசங்குளத்திலை இருக்கிறன். ஒரு ஆளோடை இருக்கிறன். நீ அவளுக்குச் சொல்லிவிடு."

"என்னத்தையடா சொல்ல?"

"இதைத்தான்."

வைத்துவிட்டான். எனக்குப் பதினாலு வயதில் நான் இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி அவன். சின்னனில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினாலும் நான்தான் போய் வீட்டில் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மச்சாள், அதுதான் தம்பியின் பெண்சாதி, சுளகில் அரிசிக்குக் கல் பார்த்துக்கொண்டு இருந்தா. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருப்பேன். அவா "ஓம்" என்றா. அதற்குப் பிறகு ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தா. அவ்வளவுதான். ஒப்பாரி வைத்தாலாவது நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். இப்படி "ஓம்" என்று விட்டு அரிசியைப் பார்க்கிற ஆளை என்ன செய்கிறது?

பிள்ளைக்கு ஆர் சொல்கிறது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் போனது. "நீங்கள் சொல்லுங்கோ மச்சாள், உங்கட தம்பி" என்றா அவா. "நீதானே தாய்" என்றேன் நான். அதற்குள் பிள்ளையே வந்து கேட்டுவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

"மாமி, அப்பா எப்ப வாறார்?"

"அங்கை வேலை கூடவாம் பிள்ளை" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. பிறகு அதைத் திருப்பி வாங்கவும் முடியவில்லை. அந்த ஒரு சொல்லால் பங்குனி மாதம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் முரசுமோட்டைப் பக்கம். குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்கிற காணிகள். தண்ணீர் திறக்கிறதுக்கு முன்னம் வாய்க்காலைத் துப்பரவாக்க வேண்டும். வாய்க்காலை முழம் போட்டுப் பிரித்து, காணிக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. எங்கள் பங்கு வேப்பமரம் தொடக்கம் மதகு மட்டும். அறுபது முழம். தன் பங்கைத் தானே இறங்கி வெட்டுகிறதுதான் இங்கே மரியாதை. கூலிக்கு ஆள் விடலாம், குற்றமில்லை. ஆனால் "அவர் வாய்க்காலுக்கே ஆள் விடுறவர்" என்று ஒரு கதை பின்னால் வரும். ஒரு பங்கு வெட்டாமல் கிடந்தாலும் அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கமாட்டார்கள். அது எங்கள் வாய்க்கால் அமைப்பு எடுத்த முடிவு.

இதெல்லாம் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். நடக்கத் தொடங்கின நாளில் இருந்து தகப்பனுக்குத் தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்கட்டில் போய் இருந்தவள். மண்வெட்டிப் பிடி கழன்று ஆடாமல் இருக்க, வெட்டுக்கு முதல் சில நாள் அதைத் தண்ணீரில் ஊறப்போடுவான் தம்பி. மரம் ஊறி இறுகிவிடும். பங்குனி பிறந்ததும் இவள் பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப் பையைக் கழற்றுகிறதுக்கு முன்னம் மண்வெட்டியைத் தூக்கிக் கிணற்றடி வாளிக்குள் போட்டாள். ஒவ்வொரு பின்னேரமும் போட்டாள்.

"ஆருக்கு இது?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு. பங்கு வெட்ட வரோணுமே."

அப்போதே நான் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. அது போதாது என்று நானே இன்னொரு நெருப்பை வைத்தேன். பக்கத்து வளவுக்காரி வேலியால் எட்டி, "உங்கட பங்கு அப்பிடியே கிடக்கு, என்ன மாதிரி?" என்று கேட்டபோது எனக்குத் தம்பியில் இருந்த ஆத்திரமெல்லாம் வந்தது. "அவரவர் பங்கை அவரவர்தான் வெட்டோணும். மற்றவையே வந்து வெட்டுறது?" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை பின்னால் நின்றிருக்கிறாள்.

ஆத்திரம் ஆறின பிறகு அடுத்த ஒழுங்கையில் கூலிக்குப் போகிற ஒரு ஆளைப் பேசினேன். நான் பேசவில்லை, மச்சாளைக் கொண்டு பேசுவித்தேன். அந்தாள் சனிக்கிழமை காலமை வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் வாய்க்காலடிக்குப் போய்ப் பார்க்கிறேன், சம்பும் கோரையும் என் நெஞ்சு உயரத்துக்கு அப்படியே நிற்கிறது. ஒரு வெட்டுக்கூட விழவில்லை.

எனக்கு ஆர் வீட்டுப் படலை வாசலிலும் நின்று கூப்பிட வராது. அன்றைக்கு அந்தாளின் படலையில் போய் எவ்வளவு நேரம் நின்றேனோ. நாய் குரைத்துக் களைத்துப் படுத்துவிட்டது. கடைசியில் அவரின் பெண்சாதி தண்ணீர் ஊற்ற வெளியே வந்து கண்டா.

"இவர் வந்தவர் தானே! உங்கட பிள்ளைதான் படலையிலை நிண்டு, 'அப்பா வெள்ளிக்கிழமை வாறார், நீங்கள் போங்கோ' எண்டு திருப்பி அனுப்பினது. இவர் இப்ப வேறை வேலைக்குப் போட்டார்."

வீட்டுக்கு வந்தேன். பிள்ளை மரத்துக்குக் கீழே இருந்து கணக்குச் செய்துகொண்டு இருந்தாள்.

"எந்த வெள்ளிக்கிழமையடி வாறார் உன்ர கொப்பர்?"

"ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை வருவார் தானே மாமி. அவர் வெட்டாட்டித் தண்ணி வராது. தண்ணி வராட்டி எல்லாரும் ஏசுவினம். எல்லாரும் ஏசினா வருவார்."

எவ்வளவு ஒழுங்காக யோசித்து வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். கணக்கில் இவ்வளவு யோசித்தால் போதாதா? எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவளில் இல்லை. அவளிலும்தான்.

எங்கள் காணிக்குக் கீழே காணி செய்கிறவர் மலையகத்தில் இருந்து வந்து குடியேறின குடும்பத்தவர். வாயாடாத மனுசன். எங்கள் மதகைத் தாண்டித்தான் அவருக்குத் தண்ணீர் போக வேண்டும். மற்ற எல்லாப் பங்கும் முடிந்து, எங்களது மட்டும் தாடி வளர்த்துக்கொண்டு நின்ற நாளில் அவர் மண்வெட்டியோடு வந்தார்.

"நானே வெட்டிர்றேன் அக்கா. கூலி கீலி ஒண்ணும் வேணாங்க. ஒரு நா வேல."

வெட்கமாக இருந்தாலும் ஓம் என்று தலையாட்டினேன். அவர் வேப்பமரத்தடியில் சாரத்தை மடித்துக் கட்டுகிறார், அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு இவள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கரைக்கட்டில் வைத்தாள். வெள்ளைச் சட்டையோடு நேரே வாய்க்காலுக்குள் இறங்கிச் சம்புக்கு நடுவில் இருந்துவிட்டாள். தலை மட்டும்தான் தெரிந்தது.

"பாப்பா, எந்திரிம்மா. பாம்பு கெடக்கும்."

"கிடக்கட்டும்."

"ஒங்க அப்பா வருவாரா?"

"வருவார். இது அவரின்ர பங்கு. நீங்கள் உங்கட பங்கை வெட்டினனீங்கள் தானே?"

"வெட்டிட்டேன்."

"அப்ப போங்கோ."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கரைக்கட்டால் சைக்கிளில் போன இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன, உண்ணாவிரதமோ?"

"சொல்லியிருந்தா ஒரு பந்தல் போட்டிருப்பமே."

"மைக் செற்றுக்கும் சொல்லோணும்."

இறங்கிக் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன். அப்போதும் வரவில்லை. சேற்றில் கால் புதைந்து நானும் விழப் பார்த்தேன். அவர்தான் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "விடுங்க அக்கா. புள்ள மனசு. ரெண்டு நா பொறுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். தன் விதைநெல்லை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருக்கிற மனுசன் அப்படிச் சொன்னார். பெற்றவன் பூவரசங்குளத்தில் இருக்கிறான்.

மச்சாள் வேலிக் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தா. அன்று பின்னேரம் அந்த வெள்ளைச் சட்டையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தா. சேற்றுக் கறை போகவில்லை. "அவளுக்கு உண்மையைச் சொல்லன்" என்றேன். "நீங்கள்தானே வேலை எண்டு சொன்னனீங்கள்" என்றா.

இரண்டு நாள் கழித்து வாய்க்கால் அமைப்பின் செயலாளர் மோட்டச்சைக்கிளில் வந்து படலையில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அக்கா, திங்கட்கிழமை தண்ணி திறக்கிறதெண்டு முடிவு. உங்கட பங்காலை எல்லாருக்கும் மறிஞ்சுபோய் நிக்குது. என்ன செய்யப்போறியள்?"

கதவுக்குப் பின்னால் இருந்து என்ன மறுமொழி வரும்? பிள்ளைதான் முற்றத்தில் இருந்து எழும்பிப் போனாள்.

"மாமா, அப்பான்ர நம்பர் தரட்டோ?"

ஒரு இலக்கமும் தடக்காமல் சொன்னாள். எங்கள் வீட்டுப் போனில் இருந்து அவள் எத்தனை தரம் அந்த நம்பருக்கு எடுத்திருப்பாள்! அவன் எடுக்கிறதே இல்லை. செயலாளர் தன் போனில் எடுத்தார், இரண்டாவது மணியிலேயே அவனுடைய குரல் வந்தது. அவர் சத்தமாகக் கேட்கிற மாதிரிப் போட்டிருந்தார்.

"சொல்லுங்கோ அண்ணை."

"டேய், உன்ர பங்கு காடு பத்திக் கிடக்கடா. கூட்டத்திலை உன்ர பேர்தான் அடிபடுது. என்ன, நீ கமம் செய்யிற எண்ணமோ இல்லையோ?"

"ஐயோ அண்ணை, பேரைக் கெடுத்துப் போடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து வெட்டிவிடுறன்."

பெண்சாதி பிள்ளையை விட்டுப் போக வெட்கப்படாதவன், வாய்க்கால் கூட்டத்தில் பேர் அடிபட வெட்கப்பட்டான். இதை நான் ஆருக்குச் சொல்லி ஆறுகிறது? பிள்ளையைப் பார்த்தேன். முகத்தில் வெயில் விழுந்த மாதிரி இருந்தது. "பாத்தீங்களோ மாமி?" என்றாள். ஒரு பத்து வயதுப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் விடக் கெட்டிக்காரி என்று அன்றைக்குத் தெரிந்தது. அது எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. பயமாக இருந்தது. வந்தால் நிற்பார் என்று நினைத்துவிட்டாள்.

ஞாயிறு காலமை மச்சாள் அரிசி போடும்போது ஒரு சுண்டு அளவு கூடப் போட்டா. நான் கண்டுவிட்டேன்.

"இதென்ன?"

"வேலை செய்யிற ஆளுக்குச் சாப்பாடு குடுக்கிறது தானே" என்றா. முகத்தில் இருந்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை.

பத்து மணியளவில் தம்பி பஸ்ஸால் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கட்டால் நேரே வாய்க்காலுக்கு நடந்தான். காற்சட்டையும் சேட்டும். கையில் மண்வெட்டி இல்லை. பங்கு வெட்ட வருகிறவன் வெறுங்கையோடு வந்திருந்தான். இவள் ஊறப்போட்ட மண்வெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் கேத்திலோடு பின்னால் போனேன்.

"எப்பிடி அக்கா இருக்கிறாய்?"

"உன்ர பங்கு மாதிரி இருக்கிறன். புல்லு மூடிப்போய்."

காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினான். பிடியை ஆட்டிப் பார்த்தான். "நல்லா இறுகியிருக்கு" என்றான். "ஒவ்வொரு நாளும் ஊறப்போட்டனான் அப்பா" என்றாள். "ம்" என்றான்.

வேலை தெரிந்தவன். அதில் குறை சொல்ல மாட்டேன். வேப்பமரத்தடியில் தொடங்கிச் சம்பை வேரோடு கிளப்பிக் கரைக்கட்டில் எறிந்துகொண்டு போனான். இவள் கட்டால் கூடக்கூட நடந்தாள். "இதிலை ஒண்டு கிடக்கு அப்பா. அந்தக் கரையிலையும் கிடக்கு." கொஞ்சம் கொஞ்சமாகத் தன் செய்திகளையும் சொன்னாள். மாடு கன்று போட்டது. கணக்கில் எத்தனை புள்ளி. பக்கத்து வளவு நாய் கடித்தது, ஆனால் பல்லுப் படவில்லை. எல்லாவற்றுக்கும் அவன் "ம்" என்றான். மத்தியானம் சோற்றுப் பார்சலை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேப்பமரத்துக்குக் கீழே இருந்து வழித்துச் சாப்பிட்டான். ஆர் சமைத்தது என்று கேட்கவில்லை.

இரண்டரை மணியிருக்கும், போன் அடித்தது. தள்ளிப் போய் நின்று மெல்லமாகக் கதைத்தான். திரும்பி வந்து மண்வெட்டியை எடுக்கவில்லை.

"அக்கா, மதகடியிலை கொஞ்சம்தான் கிடக்கு. ஆரையேன் கொண்டு வெட்டுவியுங்கோ. மூண்டு மணி பஸ்ஸை விட்டா எனக்குக் கரைச்சல்."

பார்த்தேன். நாலு முழம் இருக்கும்.

"நாலு முழமடா! அரை மணித்தியால வேலை. ஐம்பத்தாறை வெட்டினவனுக்கு இந்த நாலு ஏலாதோ?"

"ஏலாது அக்கா. விளங்கிக்கொள்."

எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. பாதியில் விட்டால் போகட்டும் என்று இருக்கலாம். முடிகிற இடத்தில் வந்து நின்று, நாலு முழத்தை வைத்துவிட்டு எப்படி ஒருவன் போவான்? சின்னனில் சோற்றிலும் ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் எழும்புவான். அந்தப் பிடியை அடித்து வாயில் தீத்தின கை இது. அன்றைக்கும் அடிக்கத்தான் கை வந்தது. பிள்ளை நின்றதால் விட்டேன்.

கிடங்கில் கிடந்த தண்ணீரில் காலையும் மண்வெட்டியையும் கழுவினான். மண்வெட்டியை அவளிடம் கொடுத்தான். ஈரக் கையால் தலையில் தடவினான்.

"அடுத்தமுறை பாப்பம் பிள்ளை. வாறன்."

"ஓம் அப்பா."

கட்டால் வேகமாக நடந்து போனான். ஒருக்கால் நின்று பார்த்தான், எங்களை இல்லை, கைப்போனை.

இவள் இப்போது அந்த நாலு முழத்துக்குள் இறங்கிக் குந்தப் போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். ஏச்சும் வாயில் இருந்தது. அவள் இறங்கவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் ஹோர்ன் அடித்துப் போன சத்தம் தெருப் பக்கம் கேட்டது. அதற்குப் பிறகும் நின்றாள்.

கீழ்க்காணிக்காரர் தன் வரம்புக்கு மண் அணைத்துக்கொண்டு இருந்தார். இவள் மதகுக்கு மேலால் அந்தப் பக்கம் நடந்து போனாள்.

"மாமா, மிச்சத்தை நீங்கள் வெட்டுங்கோ. அப்பா வெட்டமாட்டார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆம்பிளை ஆள் ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "வெட்டுங்கோ தம்பி" என்றேன். அவர் தன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் நீட்டினதை வாங்கினார். கால் மணித்தியாலம் போகவில்லை, மதகின் வாய் தெரிந்தது. கேத்திலில் ஆறிக் கிடந்த தேத்தண்ணியை அவள் அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஆறினது என்று சொல்லாமல் குடித்தார்.

திரும்பி வரும்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன். "பிள்ளை, கொப்பருக்கு வேலை கூட எண்டு நான் சொன்னது..." என்று இழுத்தேன். அவள் குறுக்கே கேட்டாள்.

"மாமி, பூவரசங்குளத்திலையும் வயல் இருக்கோ?"

"இருக்கும். குளம் இருக்குத் தானே."

"வாய்க்காலும் இருக்கும்."

"ஓம்."

"அப்ப அங்கை அவருக்கு ஒரு பங்கு இருக்கும்."

பூவரசங்குளம் என்ற பேரை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. வீட்டுக்கு வந்து மண்வெட்டியைக் கோடிப்புறத்தில் சாத்தினாள். வாளிக்குள் போடவில்லை. பிறகு சட்டியில் மிஞ்சிக் கிடந்த சோற்றைத் தாயிடம் வாங்கிச் சாப்பிட்டாள். தாய் பக்கத்தில் இருந்து அவள் காலில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டு இருந்தா. அவா அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அழுகிறதென்றாலும் சத்தமில்லாமல்.

திங்கட்கிழமை தண்ணீர் திறந்தார்கள். எங்கள் மதகால் கீழே போனது.

அடுத்த வருடச் சிறுபோகத்துக்குச் செயலாளர் அவனுக்குப் போன் எடுத்தாராம். "ஆரையேன் கொண்டு வெட்டுவியுங்கோ" என்றானாம். வந்து சொன்னார். பிள்ளை அருகில்தான் நின்றாள். அதே கூலி ஆளைத்தான் மச்சாள் திரும்பவும் பேசினா. மனுசன் போன முறை நினைவில் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை, இந்தமுறை உள்ளை வரலாமோ? இல்லாட்டி வெள்ளிக்கிழமையோ?"

அவள் போய்ப் படலையைத் திறந்தாள்.

"வேப்பமரம் தொடக்கம் மதகு மட்டும். மதகடியையும் சேர்த்து வெட்டோணும். மிச்சம் வைச்சிட்டுப் போகக்கூடாது."

"ஓம் முதலாளி" என்று அந்தாள் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. நான் அவருக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன்.